பிஎம்எஸ்5003 சென்சார்: டர்பனில் கூட்டிக் காட்டும், லெனேசியாவில் குறைத்துக் காட்டும்

காற்றில் மிதக்கும் நுண்துகளை வீட்டிலேயே அளக்க நினைப்பவர்கள் கைக்குக் கடைசியில் வந்து சேர்வது பெரும்பாலும் பிளான்டவர் நிறுவனத்தின் பிஎம்எஸ்5003 சென்சார்தான். தனிப் பாகமாகவும் கிடைக்கும். கடையில் தயாராகக் கிடைக்கும் காற்று அளவீட்டுக் கருவியான பர்ப்பிள்ஏர் பிஏ-2 பெட்டியைத் திறந்தால் உள்ளே இதே சென்சார் இரண்டு இருக்கும். 50 × 38 × 21 மில்லிமீட்டர் அளவில் நீல நிறப் பெட்டி, அதற்குள் ஒரு சின்ன விசிறி, ஒரு லேசர், ஒரு ஒளி உணரி. தென்னாப்பிரிக்காவில் டர்பன் வட்டாரத்து மெரிபேங்க், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியா பக்கம் குடியிருப்பவர்கள் இதை வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் திரையில் வரும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எந்தப் புகைக்கு இது எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துகொண்டால், கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

முதலில் இது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது. லேசர் கதிரின் குறுக்கே அந்தக் காற்று போகும்போது துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஓட்டு இடுக்கு வழியாக விழும் வெயிலில் தூசி மினுங்குவதைப் பார்க்கிறோமே, அதே கதைதான். சிதறிய ஒளி எவ்வளவு என்று உணரி அளக்கிறது, உள்ளே இருக்கும் சில்லு அதை ஒரு கன மீட்டர் காற்றுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று மாற்றிச் சொல்கிறது. அதாவது இது எடை போடும் கருவி இல்லை. ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கும் கருவி.

சட்டம் கேட்பதோ எடை. அளவுகோல் முறையில் 24 மணி நேரம் வடிதாளில் காற்றை இழுத்து, அந்தத் தாளை 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில் ஒரு நாள் வைத்து உலர்த்திய பிறகே எடை போடுவார்கள். அரசு நிலையங்களில் இருக்கும் பீட்டா கதிர்க் கருவிகளும் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகுதான் அளக்கின்றன. ஆகச் சட்டத்தின் எண் காய்ந்த துகளின் எடை. பிஎம்எஸ்5003இல் சூடேற்றி கிடையாது. காற்றில் துகள் நனைந்திருந்தால் நனைந்தபடியே பார்க்கும்.

டர்பனில் இதுதான் பெரிய சிக்கல். தெற்கு டர்பன் காற்றில் இருக்கும் மிக நுண்ணிய துகளில் சல்ஃபேட்டுக்கு முக்கிய இடம் உண்டு. கந்தகம் கலந்த எரிபொருளை எரித்தால் சல்ஃபர் டையாக்சைடு வரும். அது பகலில் வெயிலால் உருவாகும் ஹைட்ராக்சில் கூறோடு சேர்ந்தும், மேகத் துளிக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தும் கந்தக அமிலமாகிறது. அமிலம் அம்மோனியாவோடு கூடி அம்மோனியம் சல்ஃபேட் ஆகிறது. இந்த உப்பு 80 விழுக்காடு ஈரப்பதத்தை எட்டியதும் தண்ணீரை உறிஞ்சிக் கரைந்து சொட்டாகிவிடும். விட்டம் சுமார் ஒன்றரை மடங்காகும், கொள்ளளவில் அது 3 மடங்குக்கு மேல். கடலிலிருந்து வரும் சோடியம் குளோரைடு 75 விழுக்காட்டிலேயே கரைந்து, 80இல் விட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஒருமுறை நனைந்தது சீக்கிரம் காயாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஈரப்பதம் 40, 45 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை உப்புத்துளி துளியாகவே இருக்கும். அதனால் விடியற்காலையில் ஏறிய எண், வெயில் வந்த பிறகும் சற்று நேரம் இறங்காமல் நிற்கும். அந்த நேரத்தில் தொழிற்சாலை எதையோ திறந்துவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு.

இதைச் சரிசெய்ய ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் பர்ப்பிள்ஏர் பெட்டிகளை அரசு நிலையங்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு உண்டாக்கியது: கருவி சொல்லும் பிஎம் 2.5 எண்ணை (2.5 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு, அதற்குட்பட்ட துகளின் அளவு) 0.524ஆல் பெருக்கு, ஈரப்பத விழுக்காட்டை 0.0862ஆல் பெருக்கி அதிலிருந்து கழி, 5.75 கூட்டு. கருவி 40 காட்டுகிறது, ஈரப்பதம் 80 என்று வையுங்கள். 20.96இல் 6.90 போய் 5.75 சேர்ந்தால் 19.8. காட்டியதில் சரிபாதி. அதே 40, ஈரப்பதம் 30 விழுக்காடு உள்ள ஜோகன்னஸ்பர்க் குளிர்கால மாலையில் 24.1 ஆகும்.

இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் இரண்டு இடத்தில் வழுக்குகிறார்கள். கருவி ஒவ்வொரு முறையும் பிஎம் 2.5க்கு இரண்டு எண்களை அனுப்புகிறது. ஒன்று தொழிற்சாலை அளவீடு, மற்றது வெளிக்காற்றுக்கான அளவீடு. 30 மைக்ரோகிராம் வரை இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதற்கு மேலே போகப்போக இரண்டாவது எண் முதலாவதில் மூன்றில் இரண்டு பங்கு வரை இறங்கிவிடும். சமன்பாடு கேட்பது முதலாவது எண்ணை. இணையத்தில் கிடைக்கும் நிரல்கள் சில இரண்டாவதை எடுத்துக் கொடுக்கின்றன. அதில் இந்தத் திருத்தத்தைப் போட்டால், புகை அதிகமாக இருக்கும் நாளில்தான் எண் மிகவும் குறைந்துபோகும், அதாவது எச்சரிக்கை தேவைப்படும் நாளில். அடுத்தது ஈரப்பதம். சமன்பாடு உருவானது பெட்டிக்கு உள்ளே இருக்கும் உணரியின் ஈரப்பதத்தை வைத்து. மின்னணுச் சூட்டில் பெட்டிக்குள் ஈரம் வெளியைவிடக் குறைவாகவே காட்டும். வானிலை அறிக்கையின் 95 விழுக்காட்டைப் போட்டால் தேவைக்கு மேல் கழிந்துவிடும். சுத்தமான நாளில் விடை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகலாம். அப்படி வந்தால் பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்.

இப்போது லெனேசியா. உள்நாட்டு மேட்டுநிலக் குளிர்காலம் வறண்டது, ஈரச் சிக்கல் பெரிதாக இல்லை. மாலையில் நிலக்கரி அடுப்பும் விறகும் எரியும்போது வரும் புகையை இந்த சென்சார் நன்றாகவே பிடிக்கும். இங்கே சிக்கல் ஆகஸ்ட், செப்டம்பர் காற்றில் வரும் தூசி. தங்கச் சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்து கிளம்பும் அந்தத் தூசி பெரும்பாலும் 2.5 மைக்ரானுக்கு மேற்பட்டது, சிலிக்கா கலந்தது. பிஎம்எஸ்5003இன் விசிறி பலமற்றது, காற்று போகும் பாதையில் வளைவுகள் வேறு. பெரிய துகள் வழியிலேயே தங்கிவிடும், உள்ளே வந்து சேர்ந்ததையும் இது சரியாக எடைபோடாது. தூசிப்புயலில் உண்மையான அளவில் ஐந்தில் ஒரு பங்குகூடக் காட்டாமல் போவதுண்டு. 10 மைக்ரான் வரையுள்ள துகளுக்குப் பிஎம் 10 என்று ஒரு எண் தருகிறதே என்றால், அது பெரும்பாலும் சிறிய துகளைப் பார்த்து இட்டு நிரப்பிய எண். அந்த எண்ணை எவரும் எங்கேயும் ஆதாரமாகக் காட்ட வேண்டாம். சுரங்க மேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கருவி பாதிக் கண்தான் கொடுக்கும். அவர்கள் ஜன்னல் விளிம்பில் படியும் மண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மிகச் சிறியதும் இதற்குத் தெரியாது. 0.3 மைக்ரான் துகளில் பாதியை விட்டுவிடும் என்று தயாரிப்பாளரின் குறிப்பே சொல்கிறது. 0.5 மைக்ரானுக்கு மேல்தான் 98 விழுக்காடு. டீசல் எஞ்சினிலிருந்து புதிதாக வரும் கரித்துகள் பெரும்பாலும் 0.2 மைக்ரானுக்குக் கீழே. தவிரக் கரி ஒளியைச் சிதறடிப்பதைவிட விழுங்குவதே அதிகம். கிளேர்வுட் சிவசுப்ரமணியர் கோயில் பக்கத்துத் தெருக்களில் துறைமுக லாரிகள் வரிசையாக நிற்கும்போது இந்தக் கருவி 15, 18 என்று அடக்கமாகச் சொன்னால், அதை வைத்துக் காற்று நன்றாக இருக்கிறது என்று யாரும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

வாயு எதையும் இது அறியாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெற்கு டர்பனில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. மூக்கைக் குத்தும் நெடி என்றால் சல்ஃபர் டையாக்சைடாக இருக்கலாம். பெட்ரோல் வாடையில் பென்சீன் இருக்கும். இவை மூன்றுக்கும் பிஎம்எஸ்5003 பச்சை நிறமே காட்டும். மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டரை வராந்தாவில் வைத்து ஓட்டினால் வரும் கார்பன் மோனாக்சைடும் இதற்குத் தெரியாது. அதற்கென்று தனி எச்சரிக்கைக் கருவி வாங்க வேண்டும்.

வீட்டுக்குள் இதன் குணம் வேறு, அங்கே இது மிக நன்றாக வேலை செய்யும். தாளிக்கும்போது கிளம்பும் எண்ணெய் ஆவி குளிர்ந்து நுண்துளியாகிறது. கடுகு வெடித்த ஒரு நிமிடத்துக்குள் எண் நூறுகளில் ஏறும். புகைபோக்கி விசிறியை அடுப்பைப் பற்றவைக்கும் முன்னே போட்டால் எவ்வளவு குறைகிறது, பிறகு போட்டால் எவ்வளவு என்று ஒரே வாரத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். பூஜை அறையில் சாம்பிராணியும் கற்பூரமும் இரண்டு வேறு புகைகள். கங்கில் போட்ட சாம்பிராணி சுடர் இல்லாமல் கனன்று, கரிமப் பொருள் ஆவியாகி, குளிர்ந்து வெளுத்த புகையாகிறது. இந்த வெள்ளைப் புகை ஒளியை நன்றாகச் சிதறடிக்கும், கருவி உள்ளதற்கும் கூடுதலாகவே காட்டும். கற்பூரம் சுடர்விட்டு எரிந்து கரும்புகை விடும். அது கரி என்பதால் கருவி குறைத்துக் காட்டும். எனவே இரண்டையும் எண் பார்த்து ஒப்பிட வேண்டாம். எதுவானாலும் ஜன்னலைத் திறந்து, எண் பழைய நிலைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அந்த நேரந்தான் அந்த அறையின் காற்றோட்டத்தைச் சொல்லும் நேர்மையான அளவு. ஆஸ்துமா உள்ள பிள்ளை அந்த நிமிடங்கள் முடிந்த பிறகு உள்ளே வந்து கும்பிட்டால் போதும், சாமி கோபிக்காது.

டோங்காட், வெருலம், ஸ்டேங்கர் பக்கம் கரும்புத் தோட்டங்களில் அறுவடைக்கு முன் சருகை எரிக்கிறார்கள். கொடியில் காயும் துணிமேல் விழும் கருஞ்சருகைப் பார்த்துத்தான் எல்லோரும் குறைப்படுகிறோம். அந்தச் சருகு பெரியது, மூக்கைத் தாண்டாது. கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத புகைதான் நுரையீரலின் காற்றறை வரை போவது. இதைக் கண்டுபிடிப்பதில் பிஎம்எஸ்5003க்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஒரு பாத்தி எரிந்து அடங்க அதிக நேரம் ஆவதில்லை. 24 மணி நேரச் சராசரியில் அது கரைந்து காணாமல் போய்விடும். 2 நிமிடத்துக்கு ஒரு எண் பதிவு செய்யும் பர்ப்பிள்ஏரிலோ செங்குத்தாக ஏறி இறங்கும் முனையாகத் தெளிவாகத் தெரியும். தீபாவளி இரவிலும் நேரத்தை நன்றாகப் பிடிக்கும், அளவை நம்ப முடியாது. கருவியின் பயன்தரு எல்லை 500 மைக்ரோகிராம். பேரியம், ஸ்ட்ரான்சியம், அலுமினியம் எல்லாம் கலந்த பட்டாசுப் புகை தெருவில் அதைச் சுலபமாகத் தாண்டும்.

தனிப் பாகமாக வாங்கிச் செய்கிறவர்களுக்கு: விசிறிக்கு 5 வோல்ட் கட்டாயம் வேண்டும். ஆனால் தரவுக் கம்பிகள் 3.3 வோல்ட், அவற்றில் 5 வோல்ட் கொடுத்தால் சென்சார் போய்விடும். எண்களைப் படிக்கும் சிறு கணினிப் பலகைகளான ஈஎஸ்பி32, ஈஎஸ்பி8266 3.3 வோல்ட் என்பதால் நேராகவே இணைக்கலாம். எட்டு முனைகளில் முதலாவது மின்சாரம், இரண்டாவது தரை, மூன்றாவது உறக்கம், நான்காவது பெறுவது, ஐந்தாவது அனுப்புவது. எண்களைப் படிக்க மட்டும் என்றால் 1, 2, 5 போதும். வெளி உலோக ஓடு தரையோடு இணைந்தது, வேறு கம்பியில் படக் கூடாது. தரவு வேகம் வினாடிக்கு 9600 பிட். ஒவ்வொரு தொகுதியும் 32 பைட். முதல் இரண்டு பைட்டின் மதிப்பு எப்போதும் 66, 77. கடைசி இரண்டும் முந்தைய 30 பைட்டின் கூட்டுத்தொகை. இந்தக் கூட்டுத்தொகையைச் சரிபார்க்காத நிரலில்தான் திடீரென்று 5000, 12000 என்று பேய் எண்கள் வரும். அப்போது பழுது நிரலில், சென்சாரை மாற்ற வேண்டாம்.

லேசரின் ஆயுள் சராசரியாக 3 ஆண்டு ஓட்டம். வெளியே மாட்டும் கருவியை மூன்றாவது முனை மூலம் உறங்கவைத்து எழுப்பினால் அதற்கு மேலும் உழைக்கும். எழுப்பியதும் முதல் 30 வினாடி எண்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், விசிறி நிலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். மின்வெட்டுக்காகப் பவர்பேங்கில் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி உறங்கும்போது மின்னோட்டம் மிகவும் குறைவதால், பல பவர்பேங்குகள் எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். அதில் ஓட்டினால் உறங்கவிடாமல் ஓட்டுங்கள்.

மாட்டும் இடத்தில் காற்று நுழைவாயும் வெளிவாயும் அடைபடக் கூடாது, காற்று அடிக்கும் திசையை நேராகப் பார்க்கவும் கூடாது. தரையிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு மேல் என்பது தயாரிப்பாளர் சொல்வது. வெளியில் ஆள் உயரம், கூரை இறக்கத்தின் கீழ், சமையலறைப் புகைபோக்கிக்கும் வெளியே இறைச்சி சுடும் பிராய் அடுப்புக்கும் எட்டாத சுவர் என்பது என் பரிந்துரை. டர்பன் வெக்கையில் இதற்கு எமன் சிலந்தியும் எறும்பும். உள்ளே ஒரு நூல் லேசரின் குறுக்கே விழுந்தால் எண் இரவு பகல் ஒரே உயரத்தில் நிற்கும். நுழைவாய்க்கு முன்னே கொஞ்சம் தள்ளி ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை போடலாம். பஞ்சு, துணி வேண்டாம், அவை துகளையே வடிகட்டிவிடும். கடலோரத்தில் இணைப்பி முனைகளில் பச்சை பூத்து எண் விட்டுவிட்டு வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. ஓட்டைத் திறந்து லேசரைத் துடைக்கப் போகாதீர்கள், திறந்தது பழைய அளவீட்டுக்குத் திரும்பாது.

இந்தக் கோளாறுகளை எல்லாம் கண்டுபிடிக்க எளிய வழி, இரண்டு சென்சாரை அடுத்தடுத்து வைப்பது. இரண்டுக்கும் 5 மைக்ரோகிராமுக்கு மேலும், அதே சமயம் 61 விழுக்காட்டுக்கு மேலும் வேறுபாடு வந்தால் அந்த நேரத்து எண்ணைத் தள்ளிவிட வேண்டும். இது மேலே சொன்ன அமெரிக்கத் திருத்தத்தை உண்டாக்கியவர்கள் கடைப்பிடித்த விதி. ஒன்று மட்டுமே வாங்கப் பணம் இருந்தால், மூடிய பெட்டிக்குள் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாகக் காற்றை விட்டுப் பாருங்கள். எண் 0 அல்லது 1க்கு இறங்க வேண்டும்.

காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்திருக்கிறவர்களுக்கு இது இன்னொரு வகையில் பயன்படும். 4 மீட்டர் நீளம், 3.5 அகலம், 2.6 உயரம் உள்ள படுக்கையறையில் 36.4 கன மீட்டர் காற்று. மணிக்கு 5 முறை மாற்ற 182 கன மீட்டர் சுத்தக் காற்று தரும் இயந்திரம் வேண்டும். கதவை மூடி, ஓர் ஊதுபத்தி கொளுத்தி அணைத்து, இயந்திரத்தைப் போட்டுச் சென்சாரைப் பாருங்கள். இயந்திரம் சொன்னபடி வேலை செய்தால் 8, 9 நிமிடத்துக்குள் எண் பாதியாகிவிடும். 20 நிமிடம் ஆகிறதென்றால் வடிகட்டி அடைத்துவிட்டது, அல்லது அட்டையில் அச்சிட்ட திறன் பொய். இங்கே சென்சாரின் அளவுப் பிழை தொல்லை தராது, முதலுக்கும் முடிவுக்கும் உள்ள விகிதமே நமக்கு வேண்டியது.

செயலிகளில் வரும் நிறங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பர்ப்பிள்ஏர் போன்றவை வழக்கமாகக் காட்டுவது அமெரிக்க நிற அளவு. 2024 முதல் அதில் பச்சை 9 மைக்ரோகிராமோடு முடிகிறது. தென்னாப்பிரிக்க விதிப்படி பிஎம் 2.5க்கு 24 மணி நேரச் சராசரி 40, ஆண்டுச் சராசரி 20. 2030 ஜனவரி 1 முதல் அவை 25, 15 ஆகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னதோ 15, 5. எனவே ஒரு நிமிடம் சிவப்பு காட்டியதால் சட்டம் மீறப்பட்டது என்று ஆகாது; நாள் முழுதும் 38இல் நின்றால் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால் உடம்புக்கு நல்லது என்றும் ஆகாது. இந்தத் துகள் காற்றறையில் தங்கி அழற்சி உண்டாக்கும். மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டும், ஆஸ்துமாவை மோசமாக்கும். வெளிக்காற்று மாசை 2013இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணி என்றே வகைப்படுத்தியது. மெரிபேங்க் செட்லர்ஸ் தொடக்கப்பள்ளியில் 2002இல் நடந்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருந்தது. அப்போது இரண்டு கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே இருந்த பள்ளி அது. ஆலைகள் இரண்டும் பிறகு நின்றுவிட்டன, ஒன்று 2020 டிசம்பர் தீவிபத்தோடு, மற்றது 2022இல். ஆனால் காகித ஆலை, துறைமுகம், லாரிகள் அங்கேயேதான் இருக்கின்றன. அந்த வட்டாரத்துப் பள்ளிகளில் இந்தக் கருவியைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு சென்சார், ஓர் ஈரப்பத உணரி.

புகார் கொடுக்க எண்ணினால் பதிவை முதல் நாளிலிருந்தே ஒழுங்காக வையுங்கள். 2004ஆம் ஆண்டுக் காற்றுத் தரச் சட்டப்படி ஒவ்வொரு நகராட்சியும் ஒரு காற்றுத் தர அலுவலரை நியமித்தாக வேண்டும். புகார் அவருக்குப் போக வேண்டும். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் ஓரமாக வைத்துவிடுவார்கள். தேதியும் நேரமும், இரண்டு சென்சாரின் திருத்தாத எண்கள் தனித்தனியாக, திருத்திய எண், பெட்டிக்குள் இருந்த ஈரப்பதம், காற்றின் திசை, அப்போது என்ன வாடை என்று ஒரு வரி, இத்தனை நெடுவரிசைகளோடு ஒரு மாத அட்டவணை கொடுங்கள். காற்று ஒரே திசையிலிருந்து வரும்போது மட்டும் எண் ஏறி, ஈரப்பதம் 60க்குக் கீழே இருக்கும்போதும் அது நடந்திருந்தால், பனி என்றோ கடல் உப்பு என்றோ சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. அந்தத் திசையில் அவர்களுடைய சொந்த அளவீட்டுக் கருவியைக் கொண்டுவந்து வைக்கச் சொல்லிக் கேட்க அந்த அட்டவணை போதுமானது.